யாரோடு யாரை ஒப்பிடுகிறீர்கள்?

அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளின் உயர்தரக் கலைப்பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ படிக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,



உங்களைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. “கலைப்பிரிவு படிச்சா வேலையும் இல்ல, வருமானமும் இல்ல.” மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கலியாண வீடுகளிலும் தேநீர்க்கடைகளிலும் இதைக் கேட்கலாம். அதே வாய்கள் அடுத்த நிமிடமே இன்னொன்றும் சொல்லும்: “டிகிரி முடிச்சவன் வேலைக்கு அலையிறான், ஓ.எல்.லோட கட்டாருக்குப் போனவன் மாடி ஊடு கட்டிட்டான்.” இதற்கிடையில், உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் கல்முனை – அக்கரைப்பற்று வீதி நெடுகக் கட்டப்படும் வாழ்த்துப் பதாகைகள் மூன்றாவதொரு தீர்ப்பைச் சொல்கின்றன: உயிரியலோ கணிதமோ படி, வாழ்க்கை தானாக அமையும். கலை பயனற்றது, படிப்பே பயனற்றது, படிப்புத்தான் எல்லாம் என்ற இந்த மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒருவர் இதைச் செய்தார், பிறகு அது நடந்தது, ஆகவே இதனால்தான் அது நடந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

வினாத்தாளில் இந்தப் போலியை இனங்கண்டு புள்ளி வாங்கும் மாணவர், தம் எதிர்காலத்தைப் பற்றி அதே போலியில் ஒருவர் பேசும்போது மறுபேச்சின்றி நிற்கிறார். அதனால்தான் இந்த மடல். கல்வி வருமானத்தைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்கு விடை சொல்ல முன்னர், அந்த விடை எப்படிப்பட்ட ஒப்பீட்டின் மேல் நிற்க வேண்டும் என்று கேட்க விரும்புகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவருடைய படிப்பு அவருடைய வருமானத்துக்குக் காரணமா என்று அறிய, படித்த அவரைப் படிக்காத வேறொருவரோடு ஒப்பிட்டால் போதாது. படிக்காமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ, அந்த அவரோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படியொருவர் உலகத்தில் இல்லை. அவருக்கு மிக நெருங்கிய ஒருவரைத் தேடிப் பிடிக்கும் நேர்மையும் சாமர்த்தியமும் எந்த வாதத்தில் இருக்கிறதோ, அது கேட்கத் தக்கது. மற்றவை பேச்சு.

ஜோன் ஸ்டுவர்ட் மில் 1843 இல் வெளியிட்ட அளவையியல் நூலில் வகுத்த முறைகளை நீங்கள் படிக்கிறீர்கள். அவற்றில் வேற்றுமை முறைதான் வலுவானது. எல்லா வகையிலும் ஒத்த இரு நிலைமைகள். ஒன்றில் ஒரு காரணி இருக்கிறது, மற்றதில் இல்லை. விளைவும் முதலாவதில் மட்டும் தோன்றினால் அந்தக் காரணியைக் காரணம் என்று கொள்ளலாம். பலர் கவனியாமல் விடுவது, அதே நூலின் கடைசிப் பகுதியில் மில் தம் முறைக்குத் தாமே எல்லை கட்டிவைத்ததைத்தான். இறக்குமதிக்குத் தடை போடும் நாடு செல்வம் பெருக்குமா என்பதை இந்த முறையால் அறிய முடியாது என்றார் அவர். வர்த்தகக் கொள்கை ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த இரு நாடுகள் கிடைக்கமாட்டா. மனிதர்களும் அப்படித்தான். படிப்பு ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த இருவரை ஊரில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். மில் கைவிட்ட இந்த இடத்திலிருந்துதான் கடந்த அரை நூற்றாண்டின் பொருளியலாளர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் போக முன்னர் நம் வீதியையே ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்.

சம்மாந்துறையில் பத்து ஏக்கர் வயல் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லோயா நீர் பாய்கிறது, இரண்டு போகமும் விளைகிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொட்டே ரியூசன். உயர்தரத்துக்கு வந்தால் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். தேவைப்பட்டால் கொழும்பில் தங்கிப் படிக்கவும் வழி. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை படித்தவராகவும் வசதியானவராகவும் இருப்பார். வசதி படிப்பால் வந்ததா, வயலால் வந்ததா, தகப்பனாருக்கு இருந்த அறிமுகங்களால் வந்ததா? மூன்றும் ஒன்றாகவே வந்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. இதன் மறுபக்கம் கடற்கரையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையோரக் குடும்பங்கள் பல வீட்டையும் தோணியையும் உழைக்கும் கைகளையும் ஒரே காலையில் இழந்தன. அந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம் குறைந்த படிப்பையும் குறைந்த வருமானத்தையும் ஒருவர் இன்று சேர்த்துக் கண்டால், “படிக்கவில்லை, அதனால் உழைக்கவில்லை” என்று எழுதிவிடுவார். இரண்டுக்கும் மூலம் கடல். காரணம் எதிர்த்திசையிலும் ஓடும்: மீன்பாடு இல்லாத வருடத்தில் மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்துகிற வீட்டில் வருமானம்தான் கல்வியைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுப் பாடநூல் எதுவும் இதை உங்களுக்கு எடுத்துச் சொல்லாது. இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கிறார்கள்; மாப்பிள்ளை அங்கே குடிவருகிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வுசெய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தம் நூலில், தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் முஸ்லிம்கள், தமிழர்கள் ஆகிய இரு சமூகங்களிலும் விரிவாகப் பதிந்திருக்கிறார். மாப்பிள்ளை வைத்தியர் அல்லது பொறியியலாளர் என்றால் வீட்டின் அளவும் கூடும், வேறு பலவும் கூடும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊர் அந்த மாடி வீட்டைக் காட்டி, “பார், படிப்பால் வந்தது” என்கிறது. அதைக் கட்டியது மாமனாரின் உழைப்பு. பல வீடுகளில் அது மாமனாரோ மாமியாரோ மத்திய கிழக்கில் கழித்த வருடங்களின் சேமிப்பு. இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். “படிக்காமல் வெளிநாடு போனவன் கட்டினான்” என்ற வாதத்துக்கும், “படித்தவன் வாழ்கிறான்” என்ற வாதத்துக்கும் சாட்சியாகக் கொண்டுவரப்படுவது சில வேளை ஒரே வீடுதான். கட்டும்போது முதல் வாதத்துக்குச் சாட்சி. கலியாணம் முடிந்ததும் இரண்டாம் வாதத்துக்குச் சாட்சி.

படிப்பு அங்கே காரணமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொருளில் காரணம்தான். பட்டம் இல்லாவிட்டால் அந்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்திருக்கமாட்டார். ஆனால் எந்த வழியாகக் காரணம் என்பது முக்கியம். படிப்பு அவரிடம் ஒரு திறமையை வளர்த்து, அந்தத் திறமை புதிய வருமானத்தை உண்டாக்கினால் அது ஒரு வழி. ஒரு குடும்பம் ஏற்கெனவே சேர்த்த செல்வம் யாருடைய வாழ்க்கையோடு சேர வேண்டும் என்பதைப் பட்டம் தீர்மானித்தால் அது வேறு வழி. இரண்டாவதில் ஊரின் மொத்தச் செல்வம் ஒரு கல் அளவும் கூடுவதில்லை. நிந்தவூரில் வைத்தியர்களின் தொகை இரட்டித்தால் சீதன வீடுகளும் இரட்டிக்கும் என்று யாராவது நம்புகிறார்களா? சீதனத்தை வருமானக் கணக்கில் போட்டுவிட்டுக் கல்வியின் பயனை அளப்பது தவறு.  

கட்டார்க் கதையின் பிழை வேறு. திரும்பி வந்து வீடு கட்டியவர் கண்ணுக்குத் தெரிகிறார். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்க முடியாமல் வந்தவர், உடல்நலம் கெட்டு வந்தவர் யாரும் மாடி கட்டவில்லை என்பதால் அவர்கள் வாதத்தில் வருவதில்லை. பதாகைகளின் கதையும் இதுதான். மூன்று ‘ஏ’ எடுத்தவருக்குப் பதாகை உண்டு, அதே வகுப்பில் அதே நேரம் விழித்திருந்து படித்துத் தவறியவருக்கு இல்லை. இன்னொன்று: கட்டாரில் கிடைக்கும் சம்பளம் படிக்காததற்கான பரிசன்று, அந்த இடத்துக்கான சம்பளம். ஒரே கை, ஒரே வேலை. எல்லை தாண்டியதும் கூலி மாறுகிறது. 2022 இல் ரூபாய் சரிந்து, எரிபொருளுக்கு வரிசை நின்ற அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போனார்கள். படித்தவர்களும் போனார்கள், படிக்காதவர்களும் போனார்கள். ஆகவே கல்முனையில் இருக்கும் பட்டதாரியை தோஹாவில் இருக்கும் தொழிலாளியோடு ஒப்பிடுகிறவர் இரண்டு காரணிகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டார். தோஹாவில் இருக்கும் தொழிலாளியை தோஹாவில் இருக்கும் பொறியியலாளரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வாதம் அங்கேயே நின்றுவிடும்.

சரி, ஒழுங்கான ஒப்பீடு எப்படி இருக்கும்? நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இந்தோனேசியாவில் இருக்கிறது. அதுவும் நெல்லும் மீனும் முஸ்லிம் கிராமங்களும் நிறைந்த நாடு. 1973 இல் எண்ணெய் விலை ஏறியபோது கையில் வந்த பணத்தைக் கொண்டு அந்த அரசு அடுத்த சில வருடங்களில் 61,000 இற்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் கட்டவில்லை. பிள்ளைகள் பாடசாலை போகாத இடங்களில் கூடுதலாகக் கட்டியது. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ 2001 இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பயன்படுத்தினார். 1974 இல் சின்னஞ்சிறு குழந்தைகளாக இருந்தவர்களுக்குப் புதிய பாடசாலை கிடைத்தது. அப்போதே 12 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கூடுதலாகக் கட்டிய மாவட்டங்களில் இந்த இரு தலைமுறைக்கும் இடையிலான மாற்றத்தை, குறைவாகக் கட்டிய மாவட்டங்களில் நிகழ்ந்த மாற்றத்தோடு அவர் ஒப்பிட்டார். எந்தப் பிள்ளையும் புத்திசாலி என்பதற்காகவோ தகப்பனுக்கு வயல் உண்டு என்பதற்காகவோ பாடசாலை பெறவில்லை. பிறந்த வருடமும் பிறந்த இடமும் தீர்மானித்தன. ஒவ்வொரு கூடுதல் கல்வி வருடமும் ஆண்களின் சம்பளத்தை ஏறத்தாழ 7 முதல் 11 வீதம் வரை உயர்த்தியதாக அவர் கணித்தார். பின்தங்கிய மாவட்டங்கள் எப்படியும் முன்னேறியிருக்கும், பாடசாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் தடை எழுப்பலாம். டுஃப்லோவே அதை எழுப்பிப் பார்த்தார். பாடசாலை கிடைக்காத மூத்த தலைமுறைகளுக்கு இடையே அப்படியொரு வித்தியாசம் தென்படவில்லை. தம் முடிவுக்கு எதிரான கேள்வியைத் தாமே கேட்டு, அதற்குச் சான்று தேடுவதை இந்த ஆய்விலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் டேவிட் கார்ட். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் வளர்ந்த ஆண்கள் கூடுதலாகப் படித்ததையும் கூடுதலாக உழைத்ததையும் வைத்து 1990களில் ஒரு கணிப்பைச் செய்தார்; 2021 இல் நோபல் பரிசும் பெற்றார். இதைக் கேட்டதும் ஒலுவிலிலுள்ள பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பாலமுனையிலும் அட்டாளைச்சேனையிலும் வளர்ந்த பிள்ளைகளை வைத்து அதே கணக்கைப் போட்டால் என்ன? போட முடியாது. இங்கே அனுமதியை வழங்குவது கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஒலுவில் மதிலுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஓர் ஆசனமும் கூடுதலாகக் கிடைக்காது. ஓர் ஊரில் சரியாக இருந்த காரணவாதத்தை இன்னோர் ஊருக்குத் தூக்கி வரும்போது, அதைத் தாங்கிய நிபந்தனையும் கூட வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் அதே ஆணைக்குழு நமக்கு வேறொரு வாய்ப்பைத் தந்திருக்கிறது: வெட்டுப்புள்ளி. 2001 தொட்டு இசட் புள்ளியின்படி அனுமதி நடக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு; அம்பாறையும் அந்தப் பதினாறில் ஒன்று. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் புள்ளி நான்கு தசமத் தானத்தில் அறிவிக்கப்படுகிறது. வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை மேலே நின்ற ஒருவரையும் மயிரிழை கீழே நின்ற ஒருவரையும் எண்ணிப் பாருங்கள். ஒரே ஊர், அநேகமாக ஒரே ரியூசன் வகுப்பு, ஏறத்தாழ ஒரே திறமை; பரீட்சை மண்டபத்தில் ஒரு பலதேர்வு வினாவைச் சரியாக ஊகித்ததும் ஊகிக்காததும்தான் வித்தியாசம். ஒருவர் பல்கலைக்கழகம் போகிறார், மற்றவர் போகவில்லை. இப்படிக் கோட்டுக்கு மேலும் கீழும் நின்ற நூறு நூறு பேரைப் பத்து வருடம் கழித்து ஒப்பிட்டால், மில் கிடைக்காது என்று சொன்ன ஒப்பீட்டுக்கு மிக அருகில் வந்துவிடுவோம். இந்த யோசனை 1960 இல் திஸ்ல்துவெய்ட், கேம்பெல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் திறமைச் சான்றிதழ் பெற்ற மாணவர்களை ஆராய்ந்தபோது பிறந்தது. 2014 இல் சேத் ஸிம்மர்மன், ஃபுளோரிடாவில் ஓர் அரச பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கோட்டை இதேபோல் ஆராய்ந்தார். மட்டுமட்டாக உள்ளே நுழைந்தவர்களின் உழைப்பு, பாடசாலை முடித்து 8 முதல் 14 வருடங்களில், மட்டுமட்டாகத் தவறியவர்களைவிட ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக இருந்தது. இவர்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவர்களல்லர், கடைசியாக நுழைந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

கல்முனைக்கு இதைக் கொண்டுவந்தால் வரும் முதல் தடை உங்களுக்கே தெரியும். இங்கே ஒருவர் மூன்று தடவை உயர்தரம் எழுதலாம். முதல் தடவை கோட்டுக்குக் கீழே நின்றவர் அடுத்த வருடம் மேலே வந்துவிடுவார்; பிறகு யார் கீழ், யார் மேல்? விடை உண்டு. எல்லோரையும் முதலாம் தடவைப் புள்ளியை வைத்தே பிரியுங்கள். கோட்டுக்கு மேலே நின்றது பல்கலைக்கழகம் போகும் வாய்ப்பை எவ்வளவு கூட்டியது என்று பாருங்கள், பின்னர் அந்த அளவுக்கு வருமானம் எவ்வளவு கூடியது என்று கணியுங்கள். வித்தியாசம் மங்கலாகுமே தவிர மறையாது. இரண்டாவது தடை இன்னும் பெரியது: இந்த ஒப்பீடு கோட்டருகே நின்றவர்களைப் பற்றி மட்டுமே பேசும், மாவட்டத்தில் முதலிடம் வந்தவரைப் பற்றியோ சாதாரண தரத்தோடு நின்றவரைப் பற்றியோ எதுவும் சொல்லாது. உண்மை. அதை மறைக்காமல் சொல்லும் ஆய்வை நம்பலாம். எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டு வருபவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனிக் கலைப்பிரிவுக்கு வருவோம். கலைப் பட்டதாரிகளின் சராசரி வருமானம் பொறியியல் பட்டதாரிகளின் சராசரி வருமானத்தைவிடக் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. கேள்வி, அந்தக் குறைவைக் கலைப்பாடங்கள் உண்டாக்கினவா என்பது. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு இருந்தால் வீடும் பாடசாலையும் பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. நல்ல ஆய்வுகூடம் இல்லாத, கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் வேறு பிரிவே இல்லை. ஆகவே கலைப்பிரிவுக்குள் நுழையும்போதே இரு கூட்டமும் சமமாக இல்லை. வெளியே வரும்போது இருக்கும் இடைவெளி முழுவதையும் பாடத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் உங்களுக்கு இனிப்பானதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நேர்மையன்று. நோர்வேயில் நம்மைப் போலவே மத்திய அனுமதி முறை உண்டு. மாணவர் விருப்ப வரிசை கொடுக்கிறார், வெட்டுப்புள்ளி தீர்மானிக்கிறது. அதை வைத்து 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே மாதிரியான மாணவர்களை ஒப்பிட்ட பிறகும், எந்தத் துறையைப் படித்தார் என்பது வருமானத்தைப் பெரிதும் மாற்றுகிறது என்று கண்டது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது அவ்வளவு மாற்றவில்லை. ஆக, ஊர்த் தீர்ப்பில் ஒரு பகுதி தேறக்கூடும். எவ்வளவு என்பதை ஊர்ப்பேச்சு சொல்லாது. ஒழுங்கான ஒப்பீடு சொல்லும். நோர்வேயின் எண்களை அம்பாறைக்கு அப்படியே தூக்கி வரவும் கூடாது என்பதை ஒலுவில் விசயத்தில் பார்த்தோம்.

“அப்படியானால் வேலையில்லாப் பட்டதாரிகள்?” இது அடுத்த தடை, வலுவான தடைபோலத் தோன்றும். இந்த நாட்டின் தொழிலாளர் படை மதிப்பீடுகளில் வேலையின்மை வீதம் பல வருடங்களாக உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையேதான் உயர்ந்து நிற்கிறது. 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே வருடம், டட்லி சீயர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழுவும், இளைஞர் எதிர்பார்க்கும் வேலையும் நாட்டில் இருக்கும் வேலையும் பொருந்தவில்லை என்று எழுதியது. எனவே படிப்பு வேலையின்மையை உண்டாக்குகிறது என்று முடிக்கலாமா? வேலையில்லாதவர் என்று கணக்கெடுப்பில் பதியப்படுபவர் வேலை தேடிக்கொண்டிருப்பவர். நாளாந்தக் கூலியை நம்பிய வீட்டில் ஒரு மாதம் தேடிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்ததைச் செய்ய வேண்டும், அப்போது அவர் ‘வேலையுள்ளவர்’. பட்டதாரியின் வீடு அவருக்கு இரண்டு வருடம் சோறு போடும். ஆசிரியர் நியமனமோ அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவியோ ஓய்வூதியத்தோடு வரும் என்பதால் காத்திருப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2020 இல் 50,000 அளவிலான பட்டதாரிகளை அரசு பயிலுநர்களாகச் சேர்த்தபோது அந்தக் கணக்கு சரியென்றும் ஆயிற்று. ஆகவே அந்த உயர்ந்த வீதத்தில் ஒரு பங்கு படிப்பின் விளைவு அல்ல, காத்திருக்க வசதி இருப்பதன் அறிகுறி. இன்னொரு பங்கு அரசாங்கமே வருடக்கணக்காக வளர்த்துவிட்ட நம்பிக்கை. வேலையின்மையும் குறைந்த வாழ்நாள் வருமானமும் ஒன்றல்ல என்பதை வினாத்தாளில் எழுதுவதுபோல் இங்கும் எழுதுங்கள்.

தங்கைமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. ஆனால் வேலைக்கு வரும் அல்லது வேலை தேடும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். கல்விக்கும் சம்பளத்துக்கும் நடுவில் இன்னும் பல கண்ணிகள் இருக்கின்றன: கலியாணம், பிள்ளை வளர்ப்பு, இரவு போக்குவரத்து, வீட்டாரின் அனுமதி. கல்வியின் பயனைச் சம்பளம் பெறும் பெண்களை மட்டும் வைத்துக் கணித்தால், எந்தப் பெண்கள் சம்பளத்துக்கு வந்தார்கள் என்ற தெரிவு கணக்கைக் கோணலாக்கிவிடும். ஜேம்ஸ் ஹெக்மன் 2000 இல் நோபல் பரிசு பெற்றது பெரும்பாலும் இந்தக் கோணலைத் திருத்தும் வழிக்காகத்தான். “படிச்சு என்ன, அடுப்படிதானே” என்கிறவர் கல்வி பயனற்றது என்று நிறுவவில்லை. கல்வி போதிய நிபந்தனை அல்ல என்று மட்டும் காட்டினார். மற்றக் கண்ணிகளை அறுத்து வைத்திருப்பது யார் என்ற கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்கலாம்.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973 இல் எழுப்பிய ஐயம் ஒன்றையும் தாண்டிப் போக முடியாது. பட்டம் யாரையும் திறமைசாலியாக்குவதில்லை; திறமைசாலி யார் என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளம் மட்டுமே என்றால்? அப்போதும் பட்டம் பெற்ற தனியாளுக்கு வருமானம் கூடும். எல்லோரும் பட்டம் பெற்றால் ஒருவருக்கும் கூடாது. முதலாளி அடுத்த பட்டத்தைக் கேட்பார். ரொனால்ட் டோர் 1976 இல் சான்றிதழ் மோகத்தைப் பற்றி எழுதிய நூலில் ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று என்பது தற்செயல் அல்ல. வெட்டுப்புள்ளி ஒப்பீட்டாலும் இந்த ஐயத்தைத் தீர்க்க முடியாது. அது தனியாளின் இலாபத்தைச் சொல்லும், ஊரின் இலாபத்தைச் சொல்லாது. ஒருவருக்கு உண்மையானது எல்லோருக்கும் சேர்த்து உண்மையாகும் என்று நினைப்பதும் உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள போலிதான். சீதன வீட்டில் நாம் ஏற்கெனவே அதைக் கண்டோம். என் கணிப்பு: இந்தோனேசியாவைப் போல எழுதப்படிக்கத் தெரியாத நிலையிலிருந்து ஆரம்பக் கல்விக்குப் போன இடத்தில் திறமை வளர்ந்தது; அரச உத்தியோகத்துக்கான வரிசையில் முன்னுக்கு நிற்பதற்காக மட்டும் சேர்க்கப்படும் மூன்றாவது டிப்ளோமாவில் அடையாளம்தான் அதிகம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “எதையுமே முடிவாகச் சொல்லமுடியாது என்கிறீர்களா?” என்று ஒருவர் சலிக்கலாம். இல்லை. பல நாடுகளில், பல முறைகளில், கவனமாகச் செய்த ஒப்பீடுகள் கல்வி வருமானத்தைச் சராசரியாகக் கூட்டுகிறது என்ற பக்கத்தையே காட்டுகின்றன. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. எவ்வளவு, யாருக்கு, எந்த வழியாக என்பதில்தான் ஊர்ப்பேச்சுக்கு உரிமை இல்லை. அதை நம் கரைக்கு யாரும் இன்னும் அளந்து தரவில்லையென்றால் அளக்கத் தொடங்குவதற்கு நீங்கள் பொருத்தமானவர்கள். உங்கள் பாடசாலையில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் உயர்தரம் எழுதியவர்களின் பதிவு இருக்கும். சித்தியடைந்தவர்களுடையது மட்டுமல்ல, தவறியவர்களுடையதும். அதிபரிடமும் அளவையியல் ஆசிரியரிடமும் அனுமதி கேளுங்கள். பெயர்களை எழுதாமல், முதலாம் தடவைப் பெறுபேற்றின்படி கோட்டுக்கு அருகில் நின்றவர்களைப் பிரித்து, இன்று என்ன தொழில், எங்கே தொழில், வீடு யார் கட்டியது என்று கேட்டுப் பதியுங்கள். கணக்கில் தடுமாறினால் ஒலுவிலுக்குப் பஸ் இருக்கிறது. அங்குள்ள பொருளியல், புள்ளிவிபர விரிவுரையாளர்களிடம் போய் உதவி கேளுங்கள். அடுத்த பெறுபேற்று வாரத்தில் பதாகைகள் ஏறும் முன் அந்தப் பட்டியல் தயாராக இருக்கட்டும்.